பிட்ஸ்பர்க்கில் பைத்தானைப் பழுது பார்க்கிறார்கள்

விமான நிலையத்திலிருந்து பிட்ஸ்பர்க் நகரத்துக்குள் போக 28எக்ஸ் என்று ஒரு பேருந்து இருக்கிறது. நான் போனபோது டிக்கெட் 2.75 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 235 ரூபாய். டாக்ஸிக்காரர்கள் சொன்ன தொகையைக் கேட்டபிறகு இந்தப் பேருந்தின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. சில்லறை திருப்பித் தருவதில்லை என்பதால் மூன்று டாலரை உண்டியலில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நகரம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி. மே மாதம் பாதிக்கு மேல் போயாகிவிட்டது, ஆனாலும் வெளியே தூறலும் குளிருமாக இருந்தது.

2025 மே மாதம் பைத்தான் மொழிக்காரர்களின் அமெரிக்க மாநாடு இந்த ஊரில் நடந்தது. பைத்தான் என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். பல கல்லூரிகளில் முதல் பாடமே இப்போது அதில்தான். கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1991-ல் வெளியிட்ட மொழி. யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் யாருடைய திருத்தம் உள்ளே போகும், யாருடையது போகாது? அதை முடிவு செய்யும்போது பெரிய சண்டை நடக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தச் சண்டையைப் பார்க்கத்தான் போனேன்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மொழியை உருவாக்குபவர்கள் கூடிப் பேசும் ஒருநாள் கூட்டம் மாநாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அதற்கு அழைப்பு உள்ளவர்கள் மட்டுமே போக முடியும். என்னைப் போன்றவர்களுக்குத் திறந்திருப்பது கடைசியில் வரும் நான்கு நாள் பகுதி. ‘ஸ்பிரிண்ட்’ என்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தின் பெயர்தான், ஆனால் எல்லோரும் உட்கார்ந்தே இருப்பதால் நான் பட்டறை என்றே சொல்கிறேன். மாநாட்டுக்கு டிக்கெட் வாங்காதவர்களும் வரலாம், பட்டறைக்குக் கட்டணம் இல்லை.

மாநாட்டு மையம் அலிகெனி ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. ரஃபேல் வினோலி வடிவமைத்து 2003-ல் திறந்த கட்டடம். கூரை வளைந்து நிற்கிறது. அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று தெரிய வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தால் போதும். 1920-களில் கட்டிய மூன்று மஞ்சள் தொங்குபாலங்கள், மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கின்றன. அதே வளைவுதான் தலைக்கு மேலும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் உறைத்தது ஏசி. வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். மேல் தளத்தில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டை, என்ன வேலை நடக்கிறது என்று சொல்ல. இணையதளம் கட்டும் கருவிகள் ஒரு மேஜை, அறிவியல் கணக்குகளுக்கான நூலகம் இன்னொன்று. தரையெல்லாம் ப்ளக் பலகைகளும் சார்ஜர் வயர்களும். பார்த்துக் கால் வைக்க வேண்டியிருந்தது. நான் தேடிப் போன அறையில் ‘சிபைத்தான்’ என்ற அட்டை இருந்தது. மொழியை இயக்கும் மூல மென்பொருளுக்கு அதுதான் பெயர், சி மொழியில் எழுதப்பட்டது என்பதால்.

அறையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. கீபோர்டு சத்தமும், நடுநடுவே சிரிப்பும்தான். முன்பக்க வெள்ளைப் பலகையில் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது: புதிய வசதிகள் இனி 3.15-க்கு. காரணம், மே 7 அன்றே பைத்தான் 3.14 பதிப்பின் முதல் பீட்டா வெளிவந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு அந்தப் பதிப்புக்குப் புது வசதி எதுவும் ஏறாது, பழுது மட்டும் பார்க்கலாம். எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சண்டைக்குப் பாதி இடம் அங்கேயே போய்விடுகிறது.

கதவுக்குப் பக்கத்து மேஜையில் முதல்முறை வந்தவர்கள். ஒரு கல்லூரி மாணவி மூலநிரலை இறக்கி, தன் லேப்டாப்பிலேயே பைத்தானைக் கட்டிக்கொண்டிருந்தார். கருப்புத் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. சில நிமிடம்தான், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அவருடைய சொந்தப் பைத்தான் தயார். (காபி வரியோடு 4 டாலருக்கு மேல். வீட்டில் ஒரு வாரத்துப் பால் காசு.) அவர் எடுத்திருந்த வேலை, ஒரு பிழைச் செய்தியின் வாசகத்தைத் திருத்துவது. வெறும் ஒரு வரி. பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து சொன்னது: “வரியை மாத்தறது அஞ்சு நிமிஷம். அந்த வரியை நம்பி யாராவது எங்கேயாவது நிரல் எழுதி வச்சிருக்காங்களான்னு தேடறதுதான் மீதி நாள்.”

உண்மையிலேயே தேடினார்கள். சோதனை நிரல்களில் அந்த வாசகம் எங்கெல்லாம் வருகிறது என்று துழாவி, நான்கைந்து இடத்தில் மாற்றி, மறுபடியும் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, என்ன மாற்றினோம் என்று ஒரு பத்தி குறிப்பும் எழுதினார்கள்.

அடுத்த மேஜையில்தான் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பேச்சு ‘ஃபைனலி’ பற்றி. நிரல் எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வேலையைச் செய்துபார், தப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடைசியில் இதைச் செய்துவிடு என்று சொல்ல பைத்தானில் அந்தச் சொல் இருக்கிறது. திறந்த கோப்பை மூடுவது மாதிரியான வேலைகளுக்கு. அந்தக் கடைசிப் பகுதிக்குள் ‘ரிட்டர்ன்’ என்று போட்டு ஒரு பதிலைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? ஒருவர் எனக்காகவே டைப் அடித்துக் காட்டினார். பத்தை பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னார். கடைசிப் பகுதியில் ‘ஓகே’ என்ற சொல்லைத் திருப்பி அனுப்பச் சொன்னார். என்டர் தட்டினார். திரையில் ‘ஓகே’ என்று வந்தது.

பூஜ்ஜியத்தால் வகுத்தும் பிழை என்று ஒரு சத்தம் இல்லை. வந்த பிழையை அந்த ‘ரிட்டர்ன்’ விழுங்கிவிட்டது. இதே ஒரு வங்கி மென்பொருளுக்குள் இருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

இதைத் தடுக்க வேண்டும் என்று 2019-லேயே ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. பைத்தானில் மொழியை மாற்ற விரும்புபவர் ‘பெப்’ என்ற ஆவணம் எழுதித் தர வேண்டும், 2000-லிருந்து இருக்கும் நடைமுறை. இது பெப் 601. நிராகரித்துவிட்டார்கள். இப்படி எழுதாதீர்கள் என்று நடைக் கையேட்டில் சொன்னால் போதும், மொழியே ஏன் தடுக்க வேண்டும் என்பது அன்றைய பதில். கையேட்டிலும் அந்த அறிவுரை ஏறியது.

பிறகு 2024 கடைசியில் அதே கோரிக்கை பெப் 765 என்ற பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை கையில் கணக்கு இருந்தது. முன்மொழிந்தவர்களில் ஒருவரான இரிட் கட்ரியேல், பரவலாகப் பயன்படும் 8000 பைத்தான் தொகுப்புகளை எடுத்து அலசியிருக்கிறார். 12 கோடி வரிகள். அதில் இப்படி எழுதிய இடங்கள் 203. அவற்றில் சரியாக எழுதப்பட்டவை 46, சந்தேகமே இல்லாமல் தவறானவை 149. கையேட்டில் அறிவுரை இருந்தும், பெயர் பெற்ற தொகுப்புகளிலேயே இந்த நிலை. இந்த முறை முன்மொழிவு ஏற்கப்பட்டது. எனக்கு டைப் அடித்துக் காட்டியவர் அதே நிரலை 3.14 பீட்டாவில் ஓட்டிக் காட்டினார். ‘ஓகே’க்கு மேலே இப்போது ஓர் எச்சரிக்கை வரி, எந்த வரியில் தப்பு என்ற எண்ணோடு.

கோரிக்கை அப்படியே இருந்தது, வாதிட்ட காரணங்களும் பெரும்பாலும் பழையவைதான். நடுவில் ஒருவர் உட்கார்ந்து எண்ணினார், அது மட்டும் புதிது. அறைக்குள் நுழைந்ததிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த ‘சண்டை’ எப்படி முடிகிறது என்பது எனக்கு இந்த மேஜையில்தான் பிடிபட்டது.

அப்படியானால் இப்போது குரல் உயர்ந்தது ஏன்? எச்சரிக்கையோடு நிறுத்துவதா, சில ஆண்டுகளில் பிழையாகவே ஆக்கிவிடுவதா என்று. தாடி வைத்த ஒருவர் பிழையாக்க வேண்டும் என்றார். “எச்சரிக்கையை யாரும் படிக்கிறதில்லை.” எதிரில் இருந்த பெண்மணி விடவில்லை. அந்த 46 இடங்களை எழுதியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சரியாக எழுதியவனின் நிரல் ஒரு காலையில் ஓடாமல் நின்றால் அவனுக்கு யார் பதில் சொல்வது? தாடிக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எச்சரிக்கை வெளியான பிறகு எத்தனை இடம் மிஞ்சுகிறது என்று மறுபடி எண்ணிப் பார்க்கலாம் என்றார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இவ்வளவு பதமாகப் பேசுவதற்கு ஒரு பின்கதை உண்டு. 2018-ல் ஒரு முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து எழுதும் ஒரு சிறு குறியீட்டுக்காக நடந்த விவாதம் அத்தனை கசப்பாகப் போனது. கைடோ அந்த முன்மொழிவை ஏற்றுவிட்டு, அந்த ஜூலையிலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதுவரை கடைசிச் சொல் அவருடையது. 2019-லிருந்து ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒருமுறை தேர்தல், ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் கிடையாது. அந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் ஊரில் எத்தனையோ சங்கங்களுக்கு இது தேவைப்படும்.

மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, பென் அவென்யூவில் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் பக்கம் நடந்தேன். பத்து நிமிட நடை. பழைய மொத்த வியாபாரப் பகுதி, மீன் வாசமும் வறுத்த காபிக் கொட்டை வாசமும் அடுத்தடுத்து வந்தன. இந்த ஊரின் பெருமை, உருளைக்கிழங்கு வறுவலையும் முட்டைக்கோஸையும் ரொட்டிக்கு உள்ளேயே திணித்துத் தரும் சாண்ட்விச். பாதிதான் சாப்பிட முடிந்தது. மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு திரும்பினேன்.

பிற்பகலில் ‘கில்’ மேஜைக்குப் போனேன். அட்டையில் அப்படி எழுதவில்லை, ஆனால் அந்தப் பேச்சுதான்.

பைத்தானில் ஒரே நேரத்தில் பல திரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனி வேலைகள், ஓடலாம் என்பார்கள். ஆனால் உள்ளே ‘கில்’ என்ற ஒரு பூட்டு இருக்கிறது, 1992-லிருந்து. ஊர்ப் பொதுக் கிணற்றில் நான்கு பேர் நின்றாலும் வாளி ஒன்றுதான் என்பதுபோல, பைத்தான் வரிகளை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே இயக்க முடியும். அந்தக் காலத்துக் கணினியில் கணக்குப் போடும் ‘கோர்’ ஒன்றுதான், யாருக்கும் வலிக்கவில்லை. இன்று ஒரு சாதாரண லேப்டாப்பிலேயே எட்டு கோர் இருக்கிறது. பூட்டை எடுத்துவிட 1996-லேயே கிரெக் ஸ்டைன் முயன்றார், 2016-ல் லாரி ஹேஸ்டிங்ஸ் முயன்றார். எடுக்க முடிந்தது, ஆனால் ஒற்றைத் திரெட்டில் ஓடும் சாதாரண நிரல் மெதுவாகிவிட்டது. அதை மெதுவாக்காமல் பூட்டை எடுங்கள், ஏற்கிறேன் என்று 2007-லேயே கைடோ எழுதிவிட்டார். மெட்டா நிறுவனத்தின் சாம் கிரோஸ் 2021-ல் ஒரு வழியோடு வந்தார். அது 2023-ல் பெப் 703 ஆக ஏற்கப்பட்டது.

சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். பிறகு, காட்ட முடியுமா என்று கேட்டேன்.

காட்டினார்கள். பகா எண்களை எண்ணும் ஒரு நிரல், நான்கு திரெட். பக்கத்து ஜன்னலில் சிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியல். வழக்கமான பைத்தானில் ஓட்டியபோது அந்த எண் 100-ஐ ஒட்டியே நின்றது. நான்கு பேர் வரிசையில், ஒருவர் மட்டும் வேலையில். அடுத்து அதே நிரலை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், பூட்டில்லாத பைத்தானில் ஓட்டினார்கள். எண் 400-க்குத் தாவியது. லேப்டாப்பின் காற்றாடி சீறத் தொடங்கியது. முன்பு எடுத்த நேரத்தில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான் ஆனது.

பக்கத்திலிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்போ இதையும் பாருங்க” என்று நிரலின் மேல் ஒரே ஒரு வரி சேர்த்தார். சி மொழியில் எழுதிய பழைய நூலகம் ஒன்றை உள்ளே அழைக்கும் வரி. மறுபடி ஓட்டினார். திரையில் ஓர் எச்சரிக்கை: இந்த நூலகம் பூட்டில்லாமல் இயங்கத் தயார் என்று அறிவிக்கவில்லை, ஆகவே பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன் என்ற பொருளில். எண் மறுபடி 100. காற்றாடியும் அடங்கியது.

மேடையில் வேகக் கணக்கு மட்டும் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது ஓட்டத்தைக் காட்டுவார்களா என்று தெரியாது. மேஜையில் காட்டினார்கள், அதற்காக ஒரு மரியாதை. உலகத்தில் உள்ள சி நூலகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட வேண்டும். பலவற்றைப் பராமரிப்பவர் ஒரே ஒருவர், அதுவும் சம்பளமில்லாமல். அவர் இனி இரண்டு வகைப் பைத்தானுக்கும் தனித்தனியாகக் கட்டி, சோதித்து வெளியிட வேண்டும். மேஜையில் நடந்த உண்மையான வாக்குவாதம் இதைப் பற்றித்தான். பூட்டு போக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. அந்தச் சுமையை யார் தலையில் வைப்பது என்பதில்தான் ஒற்றுமை இல்லை. இதற்கு ஒரு கணக்கும் யாரிடமும் இல்லை. என் கணிப்பில், அதனால்தான் அந்தப் பேச்சு அன்று எந்த முடிவுக்கும் வரவில்லை.

ஒற்றைத் திரெட்டின் வேகக் குறைவுக்குக் கணக்கு இருந்தது. 3.13-ல் 40 சதவீதம் வரை போன இழப்பு, 3.14-ல் 5 முதல் 10 சதவீதம். அதைப் பற்றி யாரும் குரலை உயர்த்தவில்லை.

கிளம்புவதற்கு முன் என்னிடமும் ஒரு பழைய வழக்கு இருந்தது, விடவில்லை. ஒரு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டேன். 5 என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். த, மி, ழ். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியும் மூன்று என்றுதான் சொல்கிறது. பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியெண்களை. மியில் உள்ள கொக்கிக்குத் தனி எண், ழ்-ன் புள்ளிக்குத் தனி எண். திருத்தக்கூடாதா என்று கேட்டேன்.

லேப்டாப்பைத் தந்தவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் ஐந்து கட்டம் போட்டார். பைத்தானில் ஒரு சொல்லின் மூன்றாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எவ்வளவு நீளமான சரமாக இருந்தாலும் நேராக அந்தக் கட்டத்துக்குப் போய் எடுத்து வரும். எழுத்துக்களாக எண்ண ஆரம்பித்தால் முதல் கட்டத்திலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டும். அதோடு, உலகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் 5 என்ற பதிலை நம்பி இருக்கின்றன. இதைப் பிழை என்று ஏற்க முடியாது, தேர்ந்தெடுத்த வழி இது என்றார். எழுத்தாக எண்ணித் தர நூலகம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இருக்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் இந்த வேலையைச் செய்கிறது, அதுவும் கட்டற்ற மென்பொருள்தான்.

பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தமிழ், இந்தி, தாய்லாந்து மொழிக்காரர்கள் எல்லோரும் வெளியே போய் நூலகம் தேட வேண்டும், ஆங்கிலம் மாதிரி மொழிகளுக்கு மட்டும் உள்ளேயே சரியான விடை கிடைக்கும் என்பது நியாயமாகப் படவில்லை. அதைச் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை. ‘நீளம் என்ன’ என்ற கேள்விக்கான விடையை மாற்றச் சொல்லாதீர்கள், ‘எத்தனை எழுத்து’ என்று கேட்கத் தனியாக ஒரு வழி கேளுங்கள், எந்தெந்த மொழியில் எத்தனை நிரல்கள் இதனால் தப்பாக ஓடுகின்றன என்று எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மறுபடியும் எண்ணிக்கைதான்.

வெளியே வரும்போது கதவுப் பக்கத்து மேஜையில் அந்த மாணவி இன்னும் இருந்தார். அவருடைய ஒருவரித் திருத்தம் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று பல கணினிகளில் சோதனைக்குப் போயிருந்தது. திரையில் பச்சைக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று மட்டும் சிவப்பு. காரணம் அவருடைய வரி இல்லை, அந்தச் சோதனையே அவ்வப்போது தானாகத் தவறும் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லி மறுபடி ஓட்டினார். இரண்டாம் முறை பச்சை. அன்று மாலையே திருத்தம் உள்ளே போய்விட்டது.

பைத்தான் 3.14 அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று வெளியானது. ஃபைனலிக்குள் ரிட்டர்ன் போட்டால் இப்போது எச்சரிக்கும், ஆனால் நிரல் ஓடும். பூட்டில்லாத வகை சோதனை நிலையைத் தாண்டி அதிகாரபூர்வ ஆதரவு பெற்றுவிட்டது. ஆனாலும் நீங்கள் வழக்கம்போல் இறக்கி நிறுவினால் வருவது பூட்டோடு இருக்கும் பைத்தான்தான்.